ரத்தம் எடுக்கப் பழகும் லேப் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தம் கொடுக்க வந்து உட்காருபவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "எனக்கு நரம்பே கிடைக்காதுங்க, பார்த்துக் குத்துங்க." நம் பேச்சில் தோலுக்கு அடியில் பச்சையாக ஓடுவதெல்லாம் நரம்புதான். அதைக் கேட்டு வளர்ந்துதான் நாமும் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) வகுப்புக்கு வருகிறோம். வகுப்பில் அதற்குச் சிரை என்று பெயர், வெயின் என்று பெயர். வார்டுக்குப் போனதும் மறுபடி நரம்பாகிவிடுகிறது. பேச்சில் அப்படியே இருக்கட்டும், நோயாளியைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மனதில் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது சிரை. இதயத்திலிருந்து அழுத்தத்தோடு கொண்டுவருவது தமனி. உணர்ச்சியைக் கடத்துவதுதான் உண்மையான நரம்பு. முழங்கை மடிப்பில் இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அதில் ஒன்றில்தான் ஊசி நுழையலாம்; மற்ற இரண்டையும் தொடவே கூடாது.

போஸ்டிங்குக்கு (மருத்துவமனைப் பயிற்சிக்கு) வரும் மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் பயம் ஊசி உள்ளே போகும் அந்த நொடியைப் பற்றித்தான். உண்மையில் அது பத்து நொடி வேலை. நான் பார்த்த பெரிய தவறுகள் அநேகமாக அதற்கு முன்போ பின்போ நடந்தவை: ஆள் மாறியது, ட்யூப் மாறியது, ஊசிக்கு மூடி போடப் போய் விரலில் ஏறியது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்தப் பக்கங்களில்தான் அதிக நேரம் நிற்கும். இதைப் படித்ததும் தனியாகப் போய் யாருக்கும் எடுத்துவிடாதீர்கள். முதல் பல தடவைகள் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

போஸ்டிங்குக்கு முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று தவணை. மூன்றாவது தவணை முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஆன்ட்டி எச்பிஎஸ் டைட்டர் (தடுப்பூசியால் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் பொருளின் அளவு) பரிசோதனை செய்து பாருங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் உடம்பு பாதுகாப்பை உருவாக்கிக்கொண்டது என்று அர்த்தம். மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகிறது என்பதால் கல்லூரியில் சேர்ந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். "போஸ்டிங் வரும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. நோயாளி ரத்தத்தோடு முதல் நாள் உட்காரும்போது கையில் ஒரு தவணைகூட இல்லாமல் இருப்பது எனக்கு மனம் ஒப்பாத விஷயம்.

இரண்டாவது, விரலைப் பழக்குவது. இதற்கு ஊசி தேவையில்லை. வீட்டில் இருக்கும் எல்லோருடைய கையையும் தொட்டுப் பாருங்கள்: அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரல் நுனியால் முழங்கை மடிப்பை மெல்ல அழுத்தி விடுங்கள். சிரை என்றால் அமுங்கி, விட்டதும் மெத்தென்று எழும்பும். தமனி என்றால் துடிக்கும். தசைநாண் என்றால் கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும், அமுங்காது. பாட்டியின் கையில் சிரை மேலாகத் தெரியும், ஆனால் தொட்டால் பக்கவாட்டில் வழுக்கி ஓடும். ஜிம்முக்குப் போகும் தம்பியின் கையில் விரல் தானாகவே கண்டுபிடிக்கும். பருமனான சித்தியின் கையில் ஒன்றுமே தெரியாது. அழுத்தம் கொஞ்சம் கூட்டினால்தான் ஆழத்தில் ஒரு மெத்தென்ற உணர்வு வரும். ஐம்பது கைகளைத் தொட்ட விரலுக்கும் ஐந்து கைகளைத் தொட்ட விரலுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.

நம் ஆட்களின் தோல் நிறத்துக்கு இது இன்னும் முக்கியம். பாடப்புத்தகப் படங்களில் நீலக் கோடாகத் தெரியும் சிரை, கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியாமலே நல்ல பருமனாக இருக்கும். கண்ணால் தெரிகிற மெல்லிய கோட்டைவிட விரலுக்குத் தெரிகிற பருமனான சிரைதான் நல்ல இடம்.

மூன்றாவது, சிரிஞ்சோடு கை பழகுவது. கல்லூரியில் டம்மி கை இருந்தால் வரிசையில் நின்றாவது பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு புதுச் சிரிஞ்சை ஊசி இல்லாமல் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஆடாமல் பிடித்து மறு கையால் பிஸ்டனை மெதுவாக இழுத்துப் பழகுங்கள். சிரிஞ்ச் துளிகூட நகரக் கூடாது. வீட்டில் யார் மேலும் ஊசி வைத்துப் பழகாதீர்கள், நண்பர்கள் ஒருவருக்கொருவர் குத்திப் பழகுவதும் வேண்டாம்.

முழங்கை மடிப்பில் எங்கே, ஏன்

முழங்கை மடிப்பின் நடுவில் குறுக்காக ஓடுவது மீடியன் க்யூபிட்டல் சிரை. இதுதான் முதல் தேர்வு. மேலாக இருக்கும், பருமனாக இருக்கும், சுற்றியுள்ள திசு பிடித்து வைத்திருப்பதால் அதிகம் நகராது. அது கிடைக்காவிட்டால் கட்டைவிரல் பக்கமாக வெளிப்புறம் ஓடும் செஃபாலிக் சிரை. பருமனானவர்களுக்கு இது பல நேரம் கைகொடுக்கும்.

சுண்டுவிரல் பக்கமாக உட்புறம் ஓடுவது பேசிலிக் சிரை. பார்க்க நன்றாக எழும்பியிருக்கும், மாணவர்களை ஆசைகாட்டும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலோ சிரை நழுவினாலோ அடிபடுவது அவைதான். இரண்டு கையையும் பார்க்காமல் பேசிலிக்குக்குப் போகக் கூடாது என்று என் மாணவர்களுக்கு ஒரு விதியே வைத்திருக்கிறேன். மணிக்கட்டின் உட்பக்கம் எந்த நிலையிலும் வேண்டாம். அங்கே நரம்புகளும் தசைநாண்களும் நெருக்கமாக இருக்கின்றன. புறங்கையில் எடுக்கலாம், வலி அதிகமாக இருக்கும், மெல்லிய ஊசி வேண்டும்.

சில கைகளைத் தொடவே கூடாது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த வழி) போட்ட கை அவருடைய உயிர்க்கயிறு. அதில் டூர்னிகெட்கூட (சிரை எழும்ப இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டக் கூடாது. மார்பக அறுவை சிகிச்சை ஆன பக்கத்துக் கையையும் டாக்டர் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். வீங்கிய இடம், ரத்தம் கட்டிய இடம், தீக்காயத் தழும்பு எல்லாம் வேண்டாம். டிரிப் ஓடும் கைக்குப் பதிலாக மறு கைக்குப் போங்கள். குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கையில், அதுவும் ஊசிக்கு மேலே எடுத்தால், சர்க்கரை 600 என்று வரும். அதை நம்பி யாராவது இன்சுலின் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் சரியான ஆளா

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து வேகமாகப் படிக்காதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். நான் பெயரைச் சொல்லிக் கேட்டேன், ஒரு அம்மா தலையாட்டினார், எடுத்தேன். ரத்தம் ஏற்றுவதற்கான குரூப்பிங் சாம்பிள் அது. பழைய சீட்டில் இருந்த குரூப்பும் புதிய முடிவும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு சிஸ்டர் கவனித்ததால்தான் தப்பித்தோம். அந்த அம்மா தவறாகச் சொல்லவில்லை. அவர் பெயரும் அதுதான். தவறு நான் கேட்ட விதத்தில் இருந்தது.

அன்றிலிருந்து "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்பதில்லை. காய்ச்சலில் இருப்பவர், காது மந்தமானவர், பயந்திருப்பவர் எல்லோரும் எதற்கும் "ஆமா" என்பார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அப்புறம் இரண்டாவது அடையாளம் ஒன்று: வயது, ஓ.பி. எண், ஐ.பி. எண், பிறந்த தேதி, எது படிவத்தில் இருக்கிறதோ அது. நம் ஊரில் இன்னொரு சிக்கல், இனிஷியல். திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து. ஆதாரில் ஒன்று, ஓ.பி. சீட்டில் ஒன்று. எஸ். செல்வியும் எம். செல்வியும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், இரண்டு பேராகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் எடுக்காமல் நில்லுங்கள். வரிசை நீண்டாலும் பரவாயில்லை. சுயநினைவு இல்லாதவர் என்றால் கையில் கட்டிய பட்டையையும் வார்டு சிஸ்டரையும் வைத்து உறுதி செய்யுங்கள்.

கூடவே மூன்று கேள்விகள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் பின்னால் அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதற்கு முன் ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வந்திருக்கிறதா? ஆமாம் என்றால் நாற்காலி வேண்டாம், படுக்க வைத்து எடுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார்? வெறும் வயிறு என்றால் வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் வந்து நிற்பார்கள்; சிரை சுருங்கி ஒளிந்திருக்கும். முந்தின நாளே சொல்லி அனுப்பினால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை என்றால் சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு.

எடுக்கும் முறை

நோயாளி உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வையுங்கள்: சிரிஞ்ச் அல்லது ஹோல்டரும் (வெற்றிட ட்யூபை உள்ளே தள்ளி எடுக்கும் பிளாஸ்டிக் பிடி) ஊசியும், தேவையான ட்யூப்கள் ஸ்டாண்டில், டூர்னிகெட், ஸ்பிரிட் பஞ்சு, காய்ந்த பஞ்சு, பிளாஸ்டர், கையுறை. இவற்றோடு ஊசி போடும் வெள்ளைப் பெட்டியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெட்டி நான்கடி தள்ளி இருந்தால், கையில் திறந்த ஊசியோடு நடப்பீர்கள் அல்லது மூடி போடத் தோன்றும். இரண்டுமே ஆபத்து.

பெரியவர்களுக்கு 21 அல்லது 22 ஜி (கேஜ்; எண் ஏற ஏற ஊசி மெல்லியது) ஊசி. 21க்கு அடிப்பாகம் பச்சை, 22க்குக் கறுப்பு, 23க்கு நீலம். மெல்லிய ஊசி என்றால் வலி குறையும் என்று எல்லோருக்கும் 23 எடுக்காதீர்கள். மெல்லிய துளை வழியாக வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும்.

கையைக் கழுவுங்கள் அல்லது சானிடைசர் போடுங்கள், பிறகு கையுறை. ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஜோடி. சிரை தெரியவில்லை என்று ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் வெட்டிவிட்டு மாட்டுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைப் பார்த்துப் பழகாதீர்கள். ஓட்டை போட்ட கையுறை கையுறையே இல்லை.

கையை நீட்டி, கீழே தாங்கலாக ஒரு தலையணை அல்லது மடித்த துணி வைத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் அதுவே இன்னொரு டூர்னிகெட். அதைத் தளர்த்தச் சொல்லுங்கள். எடுக்கும் இடத்துக்கு நான்கைந்து விரல் அகலம் மேலே டூர்னிகெட் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் மாதிரி. கையை ஒரு முறை மூடிப் பிடிக்கச் சொன்னால் போதும். "மூடுங்க, திறங்க, மூடுங்க, திறங்க" என்று பம்பு அடிக்கச் சொல்வது எங்கும் கேட்கும் குரல்தான். ஆனால் அது பொட்டாசியத்தைச் செயற்கையாக ஏற்றிவிடும். தோலில் சடசடவென்று தட்டுவதும் வேண்டாம். டூர்னிகெட் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தேடுவதில் நேரம் போய்விட்டதா, அவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கட்டுங்கள்.

சிரையைக் கண்டுபிடித்ததும் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். ஊசியும் அதே திசையில்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு மச்சமோ மடிப்போ இருந்தால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் துடைத்த பிறகு அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது.

70 சதவீத ஆல்கஹாலில் 30 நொடி துடைத்து, இன்னொரு 30 நொடி காற்றில் காய விடுங்கள். ஊதாதீர்கள், கையால் விசிறாதீர்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும், சாம்பிளும் ஹீமோலைஸ் ஆகலாம் (சிவப்பணுக்கள் உடையலாம்). காலையில் ஒரு கிண்ணத்தில் பஞ்சை மொத்தமாக ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு நாள் முழுக்க எடுப்பதும் நல்லதல்ல. பல கைகள் தொட்ட அந்தக் கிண்ணமே கிருமிக்கு வீடாகும். உலக சுகாதார அமைப்பும் அதை வேண்டாம் என்கிறது. அவ்வப்போது புதுப் பஞ்சில் ஊற்றுங்கள், அல்லது தனித்தனியாகப் பொட்டலமிட்ட ஸ்வாப்.

இப்போது ஊசி. முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "சுருக்குன்னு இருக்கும், கையை மட்டும் அசைக்காதீங்க." வலிக்காது என்று சொல்லாதீர்கள். வலிக்கும், அப்புறம் அடுத்த முறை உங்கள் பேச்சை அவர் நம்பமாட்டார். மறு கையின் கட்டைவிரலால், குத்தும் இடத்துக்குக் கீழே தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழுமாக இரண்டு விரலால் விரித்துப் பிடிக்காதீர்கள்; மேலே இருக்கும் விரலில் உங்கள் ஊசியே ஏறிவிடும். ஊசி முனையின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்கட்டும். 15 முதல் 30 டிகிரி சாய்வில், தயங்காமல் ஒரே சீராக உள்ளே போங்கள். மெதுவாகப் போனால் வலி குறையும் என்பது தவறான எண்ணம்; தயங்கும் ஊசிதான் அதிகம் வலிக்கும். சிரைக்குள் நுழையும்போது கைக்கு ஒரு சின்ன விடுதலை தெரியும், சிரிஞ்சின் கழுத்தில் ரத்தம் எட்டிப் பார்க்கும். அங்கேயே நிறுத்தி, சிரிஞ்ச் பிடித்த கையை நோயாளியின் கையோடு சேர்த்து ஊன்றிக்கொண்டு, பிஸ்டனை மெல்ல இழுங்கள். பலமாக இழுத்தால் சிரைச் சுவர் ஒட்டிக்கொண்டு ரத்தம் நின்றுவிடும்.

ஹோல்டரில் எடுக்கும்போது, ஊசியைப் பிடித்த கை அசையாமல், மறு கையால் ட்யூபை உள்ளே தள்ள வேண்டும். ட்யூப் மாற்றும்போதுதான் புதியவர்களுக்கு ஊசி சிரையை விட்டு வெளியே வந்துவிடும். கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் ட்யூபில் உள்ள மருந்து திரும்பிச் சிரைக்குள் போகாது.

தேவையான அளவு வந்ததும் கை மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள், டூர்னிகெட்டை அவிழுங்கள், காய்ந்த பஞ்சை மேலே வையுங்கள், பிறகு ஊசியை எடுங்கள், எடுத்ததும் அழுத்துங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. டூர்னிகெட் கட்டியிருக்கும்போது ஊசியை உருவினால் ரத்தம் தோலுக்கடியில் பாய்ந்து கன்றிப்போகும்.

அப்புறம், நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. பஞ்சை வைத்ததும் எல்லோரும் கையை மடக்கிக்கொள்கிறார்கள், நாமும் "மடக்கிப் பிடிங்க" என்கிறோம். அது தவறு. மடக்கினால் பஞ்சு நழுவும், துளை சரியாக அடைபடாது, மறுநாள் கை நீலமாகி வந்து நிற்பார்கள். கையை நீட்டி, கொஞ்சம் உயர்த்தி, மறு கை விரலால் நேராக அழுத்த வேண்டும். சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடம். ரத்தம் உறையாமல் மாத்திரை சாப்பிடுபவருக்கு நீங்கள் பார்த்து நின்றுவிட்டது என்று உறுதி செய்யும் வரை.

ட்யூப் வரிசை

மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தோடு தெரிந்துகொண்டால் மறக்காது. ஒரு ட்யூபில் முன்பே போட்டிருக்கும் மருந்து அடுத்த ட்யூபுக்குத் துளியாவது போக வாய்ப்பு உண்டு. அந்தத் துளி எதைக் கெடுக்கும் என்பதை வைத்துத்தான் வரிசை.

முதலில் பிளட் கல்ச்சர் பாட்டில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க), வெளிக் கிருமி கலக்கக் கூடாது என்பதால். அடுத்து இளநீல மூடி போட்ட சிட்ரேட். பிறகு சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, சீரத்துக்கு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்). பிறகு பச்சை மூடி ஹெப்பாரின். பிறகு ஊதா மூடி ஈடிடிஏ. கடைசியாகச் சாம்பல் மூடி ஃப்ளோரைடு, சர்க்கரைக்கு.

ஈடிடிஏ ஏன் சீரத்துக்குப் பின்னால் வருகிறது என்றால், அதில் இருப்பது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது சீரம் ட்யூபில் கலந்தால் பொட்டாசியம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறும், கால்சியம் அடியோடு இறங்கும். வரிசை மாறினால் கலப்பது ஒரு துளிதான். அதைவிட மோசமானது, சிவப்பு ட்யூபில் ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதா ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புவது. மாணவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், நோயாளியை மறுபடி குத்த வேண்டாமே என்று. ஆனால் அந்த முடிவைப் பார்த்து ஒரு டாக்டர் மருந்து கொடுத்தால் உயிர் ஆபத்து. ஒரு ட்யூபிலிருந்து இன்னொன்றுக்கு எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள்.

சிட்ரேட் ட்யூபில் அளவுக் கோடு வரை நிரம்பியே ஆக வேண்டும். ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு. 2.7 மில்லி வர வேண்டிய இடத்தில் 2 மில்லிதான் வந்தால் சிட்ரேட் கூடி, ரத்தம் உறைய நேரம் அதிகமாகிறது என்று பொய்யான முடிவு வரும். செயற்கை வால்வு போட்ட நோயாளிக்கு அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தால் வால்விலேயே ரத்தக்கட்டி உருவாகலாம். சர்க்கரைக்கு ஃப்ளோரைடு ட்யூப் கேட்பதற்கும் காரணம் உண்டு: சாதாரண ட்யூபில் வைத்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும்.

சிரிஞ்சில் எடுத்தால் ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு ஊசியைக் குத்தாதீர்கள். ஸ்டாண்டில் வைத்து, ஒரு கையால் மட்டும் ரப்பர் மூடியைத் துளைத்து, வெற்றிடம் தானாக இழுக்க விடுங்கள். பிஸ்டனை அழுத்த வேண்டாம். வெற்றிடம் இல்லாத, மூடி கழற்றும் ட்யூப் என்றால் அப்போதும் ஸ்டாண்டிலேயே வைத்து, சுவரோடு வழியும்படி மிக மெதுவாக விடுங்கள். பிறகு உடனே தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும்: சிட்ரேட் 3 அல்லது 4 முறை, சீரம் ட்யூப் 5 முறை, ஹெப்பாரின், ஈடிடிஏ, ஃப்ளோரைடு 8 முதல் 10 முறை. குலுக்கக் கூடாது.

லேபிளை நோயாளியின் பக்கத்தில் இருக்கும்போதே, எடுத்து முடித்த உடனே ஒட்டுங்கள். பெயர், எண், தேதி, நேரம். பார்கோடு முன்பே அச்சாகி வரும் இடங்களிலும், ஒட்டும் நொடியில் படிவத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் எழுதாத நான்கு ட்யூப்களை கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவது ஒரு நாள் கண்டிப்பாகத் தவறில் முடியும்.

கிடைக்காதபோதும், ஏதாவது ஆகும்போதும்

உள்ளே போயும் ரத்தம் வரவில்லை என்றால் ஊசியைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம், கொஞ்சம் பின்னே இழுக்கலாம். அவ்வளவுதான். தோலுக்குள் இடமும் வலமுமாகத் தேடாதீர்கள். நரம்புக் காயங்கள் பலவும் அப்படித் தேடும்போதுதான் ஏற்படுகின்றன. வெளியே எடுத்து, அழுத்தி, புது ஊசியோடு வேறு இடத்தில் இன்னொரு முறை. இரண்டாவதும் தவறினால் மூன்றாவதாக நீங்கள் குத்தக் கூடாது. "கொஞ்சம் இருங்கம்மா, எங்க சீனியரைக் கூப்பிடறேன்" என்று சொல்வதில் எந்த அவமானமும் இல்லை. ஏசி அறையில் காத்திருந்து சில்லிட்ட கை என்றால் வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் தொங்கப் போடச் சொன்னாலே சிரை எழும்பும். குழந்தைகளுக்கு எடுப்பது தனிப் பாடம். மாணவர் பருவத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று நோயாளி சொன்னால் அது நரம்பு. இன்னும் ஒரு மில்லிதான் வேண்டும் என்றாலும் அந்த நொடியே ஊசியை எடுங்கள், சிஸ்டரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள், எழுதி வையுங்கள். ரத்தம் பளிச்சென்று சிவப்பாக, துடித்துத் துடித்து வந்தால் தமனி. ஊசியை எடுத்துவிட்டு நீங்களே குறைந்தது 5 நிமிடம் பலமாக அழுத்துங்கள்; அந்த வேலையை நோயாளியிடம் விடாதீர்கள். ஊசி உள்ளே இருக்கும்போதே தோல் உப்பினால் டூர்னிகெட்டை அவிழ்த்து, ஊசியை எடுத்து, அழுத்தம்.

மயக்கம் சொல்லாமல் வருவதில்லை. கொட்டாவி, நெற்றியில் வியர்வை, உதடு வெளுப்பது, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அமைதியாவது. அதனால்தான் ட்யூபைப் பார்ப்பதைவிட முகத்தைப் பாருங்கள் என்கிறேன். அறிகுறி தெரிந்ததும் டூர்னிகெட், ஊசி இரண்டையும் எடுத்து, படுக்க வைத்து, காலை உயர்த்துங்கள். முழு நினைவு திரும்பும் வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கைப்பிடி இல்லாத ஸ்டூலில் யாரையும் உட்கார வைத்து எடுக்க வேண்டாம்; திடகாத்திரமான இளைஞர்கள்தான் பல நேரம் விழுகிறார்கள்.

"இவ்வளவு எடுக்கிறீங்களே, எனக்கே ரத்தம் இல்ல" என்று பாட்டிகள் வருத்தப்படுவார்கள். சிரித்துத் தள்ளாமல் பதில் சொல்லுங்கள். வளர்ந்த உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது, நாம் எடுப்பது இரண்டு ஸ்பூன்கூட இல்லை, என்று நிதானமாகச் சொன்னால் அந்த முகம் தெளிவதைப் பார்க்கலாம்.

ஊசி, பஞ்சு, உங்கள் விரல்

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். அவசரத்தில், பேச்சுக்கிடையில், பழக்கத்தில், எப்போதும் வேண்டாம். வேலை முடிந்த ஊசி நேராக ஊசி வெட்டும் கட்டருக்கோ வெள்ளைப் பெட்டிக்கோதான் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். ஊசி நீக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சும் கையுறையும் சிவப்புப் பையில். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். கண்ணாடி நீலத்துக்கு. வெள்ளைப் பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடிவிடுங்கள். இடம் இருக்கிறதே என்று அமுக்கித் திணிக்கும் கையில்தான் ஊசி ஏறும். பஞ்சோடு சேர்த்து ஒரு ஊசியை மஞ்சள் பையில் போட்டுவிட்டால், அது மாலையில் பை கட்டும் தூய்மைப் பணியாளர் அக்காவின் கையில் ஏறும். அவருக்கு அது யாருடைய ஊசி என்றுகூடத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் உங்களுக்குக் குத்திவிடலாம். அப்படி ஆனால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், டெட்டால் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். யாருடைய ரத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று இரண்டு நாள் மறைத்து வைத்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாள்தான் மிக முக்கியமான இரண்டு நாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் கேளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்று வரும் வாய்ப்பு 1000க்கு 3 அளவில்தான். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு 100க்கு 6 முதல் 30 வரை. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் இப்போது குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. அன்றே உங்கள் ரத்தத்தையும் எடுத்து அடிப்படைப் பரிசோதனை செய்து வைத்துவிட்டு, மையத்தில் எழுதிக் கொடுக்கும் தேதிகளில் மறுபரிசோதனைக்குப் போங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த 28 நாட்களைத் தனியாகக் கடக்க வேண்டியதில்லை.